டாப்ஸ்லிப் பழைய வன பங்களாவில் ஒரு ராத்திரி: 67 வயது அம்மாவைக் கூட்டிப் போகலாமா?

வாய்க்கால்மேடு
ஆகஸ்ட் 3, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். ஈரோட்டிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 67 வயது. அம்மாவின் அப்பா, என் தாத்தா, ஆனைமலைக் காட்டில் கூப்பு மேஸ்திரியாக, அதாவது மரம் வெட்டும் இடத்தில் ஆட்களை மேற்பார்ப்பவராக, வேலை பார்த்தவர். அதனால் அம்மா ஆறு வயதிலிருந்து பத்து வயது வரை டாப்ஸ்லிப்பில் இருந்திருக்கிறார். பிறகு தாத்தா பொள்ளாச்சியில் ஒரு மர டிப்போவில் சேர்ந்துகொண்டார். அன்றைக்கு மலையிறங்கிய அம்மா இன்றுவரை திரும்ப ஏறவில்லை.

போன வாரம் என் மகனுக்குக் கதை சொல்லும்போது "துரை பங்களா" என்று ஒன்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். ஓட்டு வீடு, முன்னால் வராந்தா, இறங்க மூன்று படி, அந்தப் படியில் சத்தம் போடாமல் உட்கார்ந்தால் புள்ளிமான் பக்கத்தில் வந்து மேயுமாம். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அன்றைக்கு ராத்திரியே முடிவு செய்துவிட்டேன், ஒரு நாளாவது அங்கே தங்க வைத்துக் கூட்டி வர வேண்டும் என்று.

பழைய காலத்து வன பங்களாக்களில் இப்போதும் பொதுமக்கள் தங்க முடியுமா? அம்மாவுக்கு முட்டி வலி உண்டு, கழிவறை எப்படி இருக்கும்? மகனுக்கு 9 வயது, ராத்திரி யானை கீனை வந்தால் பயமில்லையா? அவசரம் என்றால் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? போய்த் தங்கியவர்கள் சொல்லுங்கள்.

சேத்துமடைக்காரன்
ஆகஸ்ட் 3, இரவு 10.55

தாராளமாகக் கூட்டி வாங்க அக்கா. நான் சேத்துமடையில்தான் இருக்கிறேன், வண்டி ஓட்டுகிறேன். மாதத்தில் பல நாள் மேலே போய் வருகிறவன்.

பொள்ளாச்சியிலிருந்து டாப்ஸ்லிப் ஏறக்குறைய 35 கிலோமீட்டர். சேத்துமடை சோதனைச்சாவடியில் வண்டி நம்பர், ஆள் கணக்கு எல்லாம் எழுதிக்கொள்வார்கள். பிளாஸ்டிக் பை எதுவும் வேண்டாம், வாங்கி வைத்துவிடுவார்கள். சாயங்காலத்தோடு கேட்டை மூடிவிடுவதால் மதியத்துக்குள் மேலே போய்விடுங்கள்.

அறையை ஆனைமலை புலிகள் காப்பகத்தின் இணையதளத்தில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். நேரில் போய் நின்றால் கிடைக்கும் என்று நம்பி வராதீர்கள். பட்டியலில் அம்புலி இல்லம் மாதிரி பல பெயர் இருக்கும். ஓடு வேய்ந்த பழைய வீடுதான் வேண்டும் என்றால் பணம் கட்டும் முன் அலுவலகத்துக்குப் போன் போட்டு, எது பழையது, எது இப்போது திறந்திருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மராமத்து நடந்தால் பூட்டி வைத்துவிடுவார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் பொள்ளாச்சிதான் வர வேண்டும். அம்மாவின் மாத்திரைகளை இரண்டு நாளைக்குக் கூடுதலாகவே எடுத்து வையுங்கள். போன் சிக்னலை நம்ப முடியாது.

இப்போது ஆகஸ்டில் வேண்டாம். தென்மேற்கு மழை விடவில்லை, அட்டை கால் வைக்க விடாது. நவம்பர் கடைசி, டிசம்பர் என்றால் நன்றாக இருக்கும்.

ஒளிவட்டம்
ஆகஸ்ட் 4, காலை 7.15

மாற்றுக் கருத்து ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கோபப்பட வேண்டாம். காட்டுயிர்ப் படம் எடுப்பதால் இந்த மாதிரி வீடுகளில் நிறையத் தங்கியிருக்கிறேன், தெப்பக்காடு, கார்குடி, முண்டந்துறை எல்லாம். ஊர் பெயர் வேண்டாம், ஒரு பழைய பங்களாவில் ராத்திரி முழுக்க ஓடு ஒழுகி, கட்டிலைச் சுவரோரம் இழுத்துப் போட்டுப் படுத்தோம். கேமரா பேட்டரி சார்ஜ் போட ஒரே ஒரு பிளக், அதிலும் மின்சாரம் போய்ப் போய் வந்தது. குளிக்க ஒரு பக்கெட் வெந்நீர் கேட்டு முக்கால் மணி நேரம் நின்றேன்.

நூறு வருஷம் ஆன வீடு என்பதற்காக நூறு வருஷத்துக்கு முந்தின வசதியே இருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? ஜெனரேட்டர், கீசர், நல்ல விளக்கு போட்டால் வயதானவர்களும் தைரியமாக வரலாம். இப்போது இருக்கிற நிலையில் 67 வயது அம்மாவுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆழியாறு பக்கம் நல்ல அறை எடுத்துக்கொண்டு பகலில் மேலே போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

பழைய கார்டு
ஆகஸ்ட் 4, இரவு 8.30

வாய்க்கால்மேடு அம்மிணிக்கு வணக்கம். வனத்துறையில் 31 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதில் பதினொரு வருஷம் ஆனைமலையில். உங்கள் தாத்தா காலத்து ஆட்களில் சிலர் என் ஆரம்ப நாட்களில் இருந்தார்கள். கூப்பு மேஸ்திரி என்ற சொல்லைக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

முதலில் அந்த வீடுகள் எதற்குக் கட்டப்பட்டன என்று சொல்கிறேன். சுற்றுலாவுக்கு இல்லை. அதிகாரி குதிரையிலோ நடந்தோ காட்டைப் பார்வையிட்டு வருவார், பொழுது சாயும்போது தலை சாய்க்க ஒரு கூரை வேண்டும். அதனால்தான் ஒரு நாள் நடைத் தூரத்துக்கு ஒன்றாக இருக்கும். சமையல்கட்டைத் தள்ளிப் பின்னால் வைத்திருப்பார்கள், தீப்பிடித்தால் வீடு தப்ப வேண்டும், புகையும் உள்ளே வரக்கூடாது. முன்னால் அகல வராந்தா, மேலே மங்களூர் ஓடு, சுற்றி யானை அகழி. நான் பழகிய ஒரு வீட்டில் ஜன்னல் கதவு காற்றில் அடிக்காமல் முட்டுக்கொடுக்க ஒரு தேக்குத் துண்டு இருந்தது. எத்தனை பேர் கைபட்டதோ, பழைய சோப்புக்கட்டி மாதிரி ஓரமெல்லாம் தேய்ந்து வழவழவென்று இருக்கும். புது மாவட்ட அதிகாரி ஒருவர் வந்து, கொக்கி போட்டு அதைத் தூக்கிப் போடச் சொன்னார். நாங்கள் போடவில்லை, அலமாரிக்குள் வைத்துவிட்டு அவர் போனதும் திரும்ப எடுத்தோம்.

தம்பி ஒளிவட்டம் சொல்கிற ஒழுகும் ஓடு நியாயமான குறை. ஓடு மாற்ற வேண்டும், கழிவறையில் கைப்பிடி வைக்க வேண்டும், இதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் ஜெனரேட்டர் வேண்டவே வேண்டாம். அந்தச் சத்தம் வந்த நிமிஷத்தில் நீங்கள் காட்டில் இல்லை. நாலு சுவருக்குள் இருக்கிறீர்கள், அவ்வளவுதான். அதற்கு ஈரோட்டிலேயே இருக்கலாம்.

இன்னொன்று. அம்மா சொன்ன "துரை" யாராக இருக்கும் என்று பேரனுக்குத் தெரிய வேண்டும். ஹியூகோ உட் என்ற வன அதிகாரி. 1910களின் நடுவில் வந்து 1926 வரை இங்கே இருந்தார். அவர் வருவதற்கு முன் அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தேக்கு போய்க்கொண்டே இருந்தது, பம்பாயில் கப்பல் கட்ட, அப்புறம் ரயிலுக்கு சிலீப்பர் கட்டை போட. வெட்டிய மரத்தை மலை விளிம்பிலிருந்து கீழே சறுக்கிவிட்ட இடம் என்பதால்தான் டாப்ஸ்லிப் என்றே பெயர். டாப்ஸ்லிப் பக்கத்து மவுண்ட் ஸ்டூவர்ட்டில் ஒரு சின்ன வீட்டில் இருந்துகொண்டு அந்தக் காட்டை அவர் மீட்டார்.

சட்டைப் பையில் தேக்கு விதையும் கையில் வெள்ளிப்பூண் தடியுமாக நடந்து, குத்திக் குத்தி விதை போட்டார் என்று எல்லாரும் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, செய்தும் இருப்பார். ஆனால் நான் நாற்றங்காலில் வேலை பார்த்தவன். தேக்கு விதை ஓடு கல் மாதிரி. ஊறப்போட்டு, வெயிலில் காயப்போட்டு, திரும்ப ஊறப்போட்டு என்று பல நாள் மாற்றி மாற்றிச் செய்தாலும் பாதி முளைத்தால் பெரிசு. அவர் செய்த பெரிய காரியம் வேறு. மரத்தை வேரோடு பெயர்க்காமல் தரை மட்டத்தில் வெட்டச் சொன்னார். அடிக்கட்டையிலிருந்து நாலைந்து துளிர் வரும், திடமான ஒன்றை விட்டு மற்றதைக் கழித்தால் அது நின்று மரமாகும். கரும்பில் மறுதாம்பு விடுகிற மாதிரிதான். கூடவே, 25 வருஷத்துக்கு இந்தக் காட்டில் கை வைக்கக்கூடாது என்று திட்டம் எழுதினார். சும்மா விட்டதுதான் அவர் செய்த வேலையிலேயே கஷ்டமானது. வருமானம் வேண்டும் என்று மேலிடம் கேட்டுக்கொண்டே இருக்கிற துறையில் அதைச் செய்வது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும்.

1933-இல் குன்னூரில் இறந்தார். அவர் விருப்பப்படியே இங்கே கொண்டுவந்து அவருடைய தேக்குகளுக்கு நடுவில் அடக்கம் செய்தார்கள். கல்லில் லத்தீனில் ஒரு வரி இருக்கும்: "நினைவுச்சின்னம் தேடுகிறாயானால் சுற்றிலும் பார்." லண்டனில் பெரிய தேவாலயம் கட்டிய கிறிஸ்டோபர் ரென் கல்லறையிலும் இதே வரிதான். அங்கே சுற்றிலும் பார்த்தால் சுவரும் கோபுரமும் தெரியும். இங்கே தேக்கு.

தறிக்காரர்
ஆகஸ்ட் 5, காலை 11.20

ஐயா, படித்துக்கொண்டே போனேன், கண் கலங்கிவிட்டது. ஒரு சந்தேகம், கேட்கலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. ஒரு தடவை நாங்கள் ஆறு பேர் டாப்ஸ்லிப்பில் தங்கியபோது ராத்திரி ஒரு மணிக்கு மேல் யாரோ நடந்து வரும் சத்தம், அப்புறம் சங்கிலி இழுபடும் சத்தம். காலையில் கேண்டீனில் ஒருவர், துரை இன்னும் நடக்கிறார் என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம் எங்களில் இரண்டு பேர் வரவே மாட்டேன் என்கிறார்கள். குழந்தையைக் கூட்டிப் போகிறவர்களுக்காகக் கேட்கிறேன், அது என்ன?

பழைய கார்டு
ஆகஸ்ட் 5, இரவு 9.05

தம்பி, கேட்டது நல்லதாகப் போயிற்று. பயந்து போனவர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

சங்கிலிச் சத்தம் முகாம் யானை. கோழிகமுத்தி, வரகளியாறு முகாம்களில் வளர்ப்பு யானைகளைப் பகலில் வேலை, குளியல், கவளம் எல்லாம் முடித்துச் சாயங்காலம் காட்டுக்குள் மேய விட்டுவிடுவார்கள். காலில் நீளமாக ஒரு சங்கிலி தரையில் இழுபடும்படி இருக்கும். விடிந்ததும் மாவுத்தரும் அவருக்கு உதவியாளான காவடியும் அந்தச் சங்கிலித் தடத்தைப் பார்த்துக்கொண்டே போய்க் கூட்டி வருவார்கள். ராகி, கொள்ளு, வெல்லம் போட்டுப் பிசைந்த கவளம் காத்திருக்கிறது என்று யானைக்கும் தெரியும். கல் மேல் இழுபட்டால் ஒரு சத்தம், புல் மேல் என்றால் வேறு. அதைக் கேட்டே எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று மலசர் பழங்குடிப் பையன்கள் சொல்லிவிடுவார்கள்.

நடக்கிற சத்தம் தேக்கு இலை. முறம் அகலம் இருக்கும் ஒவ்வொன்றும். காய்ந்து விழுந்து கிடக்கும்போது ஒரு காட்டுக்கோழி நடந்தாலும் ஆள் நடக்கிற மாதிரி கேட்கும். அந்தச் சருகில் முயல்கூட பூட்ஸ் போட்டு நடக்கிற மாதிரி இருக்கும். காட்டுமாடு நடந்தால் சத்தம் விட்டு விட்டு வரும்: நாலு அடி, நிற்கும், மூச்சு விடும், திரும்ப நாலு அடி.

ஓட்டின் மேல் தடதடவென்று ஓடுவது மரநாய். மரத்திலிருந்து ஓட்டுக்கு "தொப்" என்று விழுந்து, அப்புறம் பேச்சில்லை என்றால் பறக்கும் அணில். ராத்திரி குளிர்ந்ததும் பகல் சூட்டில் விரிந்த உத்திரம் "டக்" என்று சொடுக்கும், அது வீட்டுடைய சத்தம். பத்து மணிக்கு மேல் "குலைக்கிற" சத்தம் கேட்டால் நாய் இல்லை, கேளையாடு என்கிற சின்ன மான். அது விடாமல் கத்தினால் பக்கத்தில் ஏதோ வேட்டைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கதவைத் திறக்க வேண்டாம், காது கொடுத்தால் போதும்.

இதற்காகத்தான் விளக்கை அணைக்கச் சொல்கிறேன். வராந்தாவில் விளக்கு எரிந்தால் விளக்கைச் சுற்றிப் பத்தடிதான் உங்கள் உலகம். அணைத்துவிட்டுக் கால் மணி நேரம் பொறுங்கள். முதலில் ஒன்றுமே தெரியாது. பிறகு மரத்துக்கும் வானத்துக்கும் வித்தியாசம் தெரியும். அப்புறம் காது திறக்கும். பங்களாவில் ஒரு ராத்திரி தங்குவது என்றால் என்னைப் பொறுத்தவரை அந்தக் கால் மணி நேரம்தான், மற்றதெல்லாம் அதற்கு முன்னேற்பாடு.

மின்மினி
ஆகஸ்ட் 6, காலை 6.50

எல்லாரும் மன்னிக்கணும். இந்த வீடுகளைப் பொதுமக்களுக்குத் திறந்து வைத்திருப்பதே சரிதானா என்று எனக்கு உறுத்தல் உண்டு. 2012-இல் உச்ச நீதிமன்றம் புலிகள் காப்பகங்களின் மையப்பகுதியில் சுற்றுலாவையே சில மாதங்கள் நிறுத்தி வைத்தது. அக்டோபரில் திரும்ப விட்டபோது வழிகாட்டு நெறிமுறைகள் வந்தன: மையப்பகுதியில் 20 விழுக்காட்டுக்கு மேல் சுற்றுலாவுக்கு விடக்கூடாது, புதிதாகச் சுற்றுலாக் கட்டடம் எழுப்பக்கூடாது. அப்படியென்றால் இருக்கிற பழைய வீடுகள் மேல்தான் மொத்தச் சுமையும் விழும். போன வருஷம் பக்கத்து அறையில் ஒரு கூட்டம் ஸ்பீக்கரில் பாட்டு வைத்தார்கள். வாட்சர் இரண்டு தடவை வந்து கெஞ்சினார்.

துரை பங்களா, துரை நட்ட காடு என்றே பேசுகிறோம், அதிலும் எனக்கு ஒரு வருத்தம். உட் செய்ததை நான் குறைக்கவில்லை. ஆனால் திட்டம் எழுதினவர் பெயர் கல்லில் இருக்கிறது. குழி தோண்டினவர்கள், துளிர் கழித்தவர்கள், யானை வைத்து மரம் இழுத்தவர்கள் மலசர், காடர், புலையர். அவர்கள் அந்தக் காட்டில் இன்னும் இருக்கிறார்கள். வீட்டைக் காட்டிக் கதை சொல்கிற எந்தப் பலகையிலாவது அவர்கள் வர வேண்டாமா?

பழைய கார்டு
ஆகஸ்ட் 6, இரவு 7.40

மின்மினி சொன்ன இரண்டாவது விஷயத்துக்கு நான் எழுந்து நின்று ஆமாம் சொல்கிறேன். எனக்குக் காடு கற்றுக்கொடுத்தவர் ஒரு மலசர் வாட்சர். பள்ளிக்கூடம் போகாதவர். அவர் மோந்து பார்த்துச் சொன்ன இடத்தில் ஒரு நாளும் யானை இல்லாமல் இருந்ததில்லை. அவர் பெயருக்கு எங்கேயும் கல் இல்லை. அம்மிணி, போகும்போது உங்களுக்கு வருகிற வாட்சரிடம் அவர் தாத்தா என்ன செய்தார் என்று பையனைக் கேட்கச் சொல்லுங்கள்.

முதல் விஷயத்தில் ஒத்துப்போக முடியவில்லை. ஆள் தங்காத பங்களா ஐந்து வருஷத்தில் கறையான் வீடு. மூட்டம் போட்டு, கூட்டி, ஒட்டடை அடித்து, மழைக்கு முன் ஓடு பார்த்தால்தான் நிற்கும். நாலு பேர் வந்து போனால் அந்த வேலை நடக்கும். ஸ்பீக்கர் வைக்கிறவனைக் கேட்டிலேயே திருப்பி அனுப்ப வேண்டும், அதற்காக வீட்டைப் பூட்டக்கூடாது.

ஒளிவட்டம்
ஆகஸ்ட் 6, இரவு 10.10

ஐயா எழுதியதைப் படித்த பிறகு ஜெனரேட்டர் பேச்சை நான் விட்டுவிடுகிறேன். உண்மையில் என்னுடைய நல்ல படங்களில் பாதி, மின்சாரம் போன ராத்திரிகளுக்கு மறுநாள் காலையில் எடுத்தவை. சீக்கிரம் தூங்கிச் சீக்கிரம் எழுந்ததால்தான் இருக்கும். ஆனால் கழிவறை, கைப்பிடி, ஓடு மூன்றிலும் நான் பிடித்த பிடியை விடவில்லை. வயதானவர்கள் வழுக்கி விழுந்தால் அங்கிருந்து பொள்ளாச்சி போகிற நேரத்தை நினைத்துப் பாருங்கள்.

கொட்டியாரம்
ஆகஸ்ட் 8, மாலை 4.30

நான் திருகோணமலைப் பக்கம். உங்கள் கதையை வாசிக்க எங்கள் வில்பத்து ஞாபகம் வந்திட்டுது. அங்கே வனஜீவராசிகள் திணைக்களத்தின்ட பங்களாக்கள் இருக்கு, கனபேர் வருஷாவருஷம் எடுப்பினம். அரிசி, பருப்பு, தேங்காய், மரக்கறி, குடிதண்ணி, படுக்கை விரிப்பு எல்லாம் நாங்கள்தான் கட்டிக்கொண்டு போக வேணும். சமைச்சுத் தர பங்களாவில் ஆள் இருக்கும். போர்க்காலத்தில் அந்தக் காடு நெடுநாள் பூட்டிக் கிடந்தது. திறந்த பிறகு அப்பாவோட முதல்முறை போனபோது, வில்லு எண்டு நாங்கள் சொல்லுற இயற்கைக் குளத்தின்ட கரையில், பங்களா வாசலில் இருந்து அவர் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. தண்ணிக்குள்ள ஒரு முதலை மூக்கு மட்டும் தெரிய மிதந்துகொண்டிருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா, அம்மாவைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கோ. கேள்வி ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் இருங்கோ.

சேத்துமடைக்காரன்
ஆகஸ்ட் 8, இரவு 9.15

பையனுக்காக ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். டாப்ஸ்லிப்பைத் தாண்டினால் ஆனைப்பாடி, அங்கிருந்து கேரளத்தின் பறம்பிக்குளம். கேரளக் காடுதான், ஆனால் வண்டிச் சாலை நம் சேத்துமடை வழியாகத்தான். உள்ளே கன்னிமாரா தேக்கு என்று ஒரு மரம் நிற்கிறது. நானூறு வருஷத்துக்கு மேல் வயது என்கிறார்கள். ஏழு மீட்டருக்கு மேல் சுற்றளவு, நாலைந்து பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்கலாம். அந்தப் பக்கத்து மரத்தையெல்லாம் கொண்டுபோகக் கொச்சி சமஸ்தானம் பறம்பிக்குளத்திலிருந்து சாலக்குடிக்கு ஒரு டிராம் பாதையே போட்டது. 1907-இலிருந்து ஓடி 1963-இல் நின்றது. அம்மாவின் அப்பா கூப்பில் இருந்தவர் என்றால் அந்த டிராமைப் பற்றி வீட்டில் பேசியிருப்பார், கேட்டுப் பாருங்கள்.

வாய்க்கால்மேடு
ஆகஸ்ட் 9, காலை 6.20

எல்லாருக்கும் நன்றி. அம்மாவிடம் இன்னும் எதையும் சொல்லவில்லை, பொள்ளாச்சிக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறோம் என்று மட்டும் சொல்லப் போகிறேன். நவம்பர் கடைசி வாரம் பார்க்கிறேன். போய் வந்து எழுதுகிறேன்.

வாய்க்கால்மேடு
டிசம்பர் 2, இரவு 10.45

போய் வந்துவிட்டோம். பழைய ஓட்டு வீடு ஒன்று கிடைத்தது. அம்மா சொன்ன வீடு அதுதானா என்று அம்மாவாலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. "படி இந்தப் பக்கம் இருந்த மாதிரி ஞாபகம்" என்று இரண்டு தடவை சுற்றி வந்தார். அப்புறம் சரி என்று உட்கார்ந்துவிட்டார்.

சேத்துமடை தாண்டி வளைவு ஏறும்போதே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. "எங்கே கூட்டிப் போறே?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அவரும் திரும்பக் கேட்கவில்லை. ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கையை வெளியே வைத்துக்கொண்டார்.

மதியம் தூறல், நாலு மணிக்கு விட்டது. உட் கல்லறைக்குப் போகிற வழியில் ஓரமாக ஒரு வெட்டிய தேக்கு அடிக்கட்டை, அதிலிருந்து இடுப்பளவு துளிர். பழைய கார்டு ஐயா சொன்ன மறுதாம்பு என்று மகனுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். அம்மா சொல்லாமல் கொள்ளாமல் நுனித் தளிரில் ஒரு துண்டு கிள்ளி இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். கையை விரித்தால் சிவப்பு. குங்குமம் கரைத்த மாதிரி. மகன் ரத்தம் என்று பதறிவிட்டான். "சின்னப் பிள்ளையில இதுதான் எங்களுக்கு மருதாணி" என்று அவன் நகத்தில் ஒவ்வொன்றாகப் பூசிவிட்டார். கூட வந்த வாட்சர் சிரித்தார், அவர் மலசர். இலையைக் கிள்ளக்கூடாது என்று சொல்ல வேண்டியவர், அம்மாவைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் மகன் அவரிடம் அவர் தாத்தாவைப் பற்றிக் கேட்டான். யானை மாவுத்தராம். பெரிய மரத்தை யானை தலையால் தள்ளாமல் தந்தத்தில் ஏந்திச் சரிவில் விடுவதற்கு ஒரு சொல் உண்டு என்று சொல்லி, யானைக்குச் சொல்கிற மாதிரியே சொல்லிக் காட்டினார். அம்மாவுக்கு அந்தச் சொல் தெரிந்திருந்தது. அவரும் கூடச் சொன்னார்.

ராத்திரி ஏழரைக்குச் சாப்பிட்டோம். எட்டரைக்கு விளக்கை அணைத்து வராந்தாவில் உட்கார்ந்தோம். ஐயா சொன்ன மாதிரி முதலில் ஒன்றும் தெரியவில்லை. மகன் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே இருந்தான். பிறகு ஓட்டிலிருந்து சொட்டும் தண்ணீர், பிறகு எங்கேயோ பக்கிக் குருவி. மானுக்காகக் காத்திருந்தோம், வரவில்லை.

நடு ராத்திரிக்கு மேல் சங்கிலிச் சத்தம் கேட்டது. ரொம்பத் தூரத்தில், விட்டு விட்டு. இந்த இழையை நான் அம்மாவுக்குப் படித்துக் காட்டவே இல்லை. நான் எழுந்து விளக்கம் சொல்லலாம் என்று வாயெடுக்கும் முன் இருட்டுக்குள்ளிருந்து அம்மா, "ஆனைடா கண்ணு, மேயுது, நீ தூங்கு" என்றார். அவனும் தூங்கிவிட்டான்.

காலையில் பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். ஊர் என்ற இடத்தில் அம்மா கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டு நின்றார். ஈரோடு என்று எழுதி, பக்கத்தில் தாத்தா பெயரையும் "கூப்பு மேஸ்திரி" என்றும் எழுதினார்.

பழைய கார்டு
டிசம்பர் 3, காலை 5.50

அம்மிணி, இரண்டு தடவை படித்துவிட்டேன். என் வீட்டுக்காரிக்கும் படித்துக் காட்டினேன். அம்மா முட்டி எப்படி இருக்கிறது? கழிவறை வசதியாக இருந்ததா? அடுத்து வருகிறவர்களுக்கு உதவும், எழுதுங்கள்.

வாய்க்கால்மேடு
டிசம்பர் 3, இரவு 9.30

முட்டி பரவாயில்லை ஐயா. கழிவறை அறையோடு சேர்ந்தே இருந்தது, ஆனால் தரை வழுக்கல், கைப்பிடி இல்லை. ஒளிவட்டம் அண்ணன் சொன்னது சரிதான், பதிவேட்டில் குறிப்பு எழுதும் இடத்தில் அதை எழுதிவிட்டு வந்தேன். ரப்பர் மிதியடி ஒன்று எடுத்துப் போனது நல்லதாகப் போயிற்று. வெந்நீர் விறகடுப்பில் வைத்துத் தந்தார்கள், அரை மணி முன்னால் சொல்லிவிட வேண்டும். கம்பளி கூடுதலாக ஒன்று கொண்டு போங்கள். அட்டை இரண்டே இரண்டு, இரண்டும் எனக்குத்தான். அம்மா போகும்போதே உப்பையும் சோப்பையும் குழைத்துக் காலில் தடவிக்கொண்டார், எனக்குச் சொல்லவில்லை.

அந்த டிராமைப் பற்றியும் கேட்டேன். தாத்தா ஒரு தடவை அதில் ஏறிச் சாலக்குடி வரை போயிருக்கிறாராம். வரும்போது அம்மாவுக்கு ஒரு ஜோடி ரப்பர் வளையல் வாங்கி வந்தாராம். பிப்ரவரியில் பறம்பிக்குளம் போகலாமா என்று இப்போது அம்மாவே கேட்கிறார். சேத்துமடை அண்ணா, அந்த மாதம் காட்டுத்தீ பயத்தில் மூடுவார்களா?